ஐ7 என்றால் ஐ5-ஐ விட உசத்தியா? பிராசசர் கேள்வி-பதில்

கேள்வி: கல்லூரிக்குப் போகும் மகளுக்காக, பயன்படுத்திய லேப்டாப் ஒன்று வாங்கப் பார்க்கிறேன். இரண்டு அகப்பட்டிருக்கின்றன. ஒன்றில் ஐ7-7500யு, 2.7 கிகாஹெர்ட்ஸ். இன்னொன்றில் ஐ5-8250யு, 1.6 கிகாஹெர்ட்ஸ். விலை ஏறக்குறைய ஒன்றுதான். ஐ7 பெரியது, கிகாஹெர்ட்ஸும் கூடுதல். அதையே எடுத்துவிடலாம் அல்லவா?

வேண்டாம், ஐ5-ஐ எடுங்கள்.

ஐ3, ஐ5, ஐ7 என்பதெல்லாம் இன்டெல் நிறுவனம் தன் பிராசசர்களுக்கு, அதாவது கணினியின் கணக்கையெல்லாம் போடும் சிப்புகளுக்கு, வைத்த பெயர்கள்; ஒரே தலைமுறைக்குள் யார் மூத்தவர், யார் இளையவர் என்று சொல்லும் வரிசை. தலைமுறை மாறிவிட்டால் அந்த வரிசை செல்லாது. சிறு கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 7500 என்றால் ஏழாம் தலைமுறை, 8250 என்றால் எட்டாம் தலைமுறை. எண் 1-இல் தொடங்கினால் முதல் இரண்டு இலக்கத்தைச் சேர்த்துப் படிக்க வேண்டும்: 12400, 1235யு இரண்டுமே பன்னிரண்டாம் தலைமுறை. நீங்கள் சொல்லும் ஐ7-க்குள் இருக்கும் கோர்கள், அதாவது தனித்தனியே கணக்குப் போடும் பகுதிகள், 2தான். அந்த ஐ5-க்குள் 4 கோர்கள். கேச் எனப்படும், சிப்புக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகமும் ஐ7-இல் 4 எம்பி, ஐ5-இல் 6 எம்பி.

கிகாஹெர்ட்ஸ் என்ன ஆயிற்று என்பீர்கள். 2.7, 1.6 என்று எழுதியிருப்பது அடிப்படை வேகம். வேலை வந்தவுடன் இரண்டும் தாமாக மேலே ஏறும், முதலாவது 3.5 வரை, இரண்டாவது 3.4 வரை. அதாவது காகிதத்தில் பெரிதாகத் தெரியும் வித்தியாசம், ஓட்டத்தில் அநேகமாக இல்லை.

இந்த கிகாஹெர்ட்ஸ் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். பிராசசருக்குள் எல்லாம் ஒரு தாளத்துக்குத்தான் நடக்கும். 1 கிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 100 கோடி துடிப்பு. ஒரு கூட்டல் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கட்டளையை நினைவகத்திலிருந்து எடுத்துவர வேண்டும். அது கூட்டச் சொல்கிறதா, ஒப்பிடச் சொல்கிறதா என்று பிரித்துப் படிக்க வேண்டும். கூட்ட வேண்டிய எண்கள் ரெஜிஸ்டர் எனப்படும் சின்னஞ்சிறு இடங்களில் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். அப்புறம் கணக்குப் பகுதி கூட்டும். விடை மறுபடி ஒரு ரெஜிஸ்டருக்குப் போகும். இவ்வளவுதான். நீங்கள் படம் பார்ப்பதும் கடிதம் அடிப்பதும் இந்த எடு-படி-செய்-வை வேலையே கோடிக்கணக்கான தடவை நடப்பதுதான்.

ஒரு கட்டளை முழுக்க முடிந்த பிறகுதான் அடுத்தது என்று பிராசசர் காத்திருப்பதில்லை. ஒன்றைக் கூட்டிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததைப் படிக்கும், அதற்கடுத்ததை எடுத்துவரும். பைப்லைன் என்று இதற்குப் பெயர். இன்றைய பிராசசர்களில் இப்படிப்பட்ட பாதைகள் பக்கம் பக்கமாகப் பல இருப்பதால், ஒரே துடிப்பில் நாலைந்து கட்டளைகள்கூட முடியும். ஆக, நொடிக்கு எத்தனை துடிப்பு என்பது பாதிக் கணக்கு. துடிப்புக்கு எத்தனை வேலை முடிகிறது என்பது மீதிப் பாதி. விளம்பரத்தில் முதல் பாதிதான் இருக்கும்.

இதை இன்டெல்லே பட்டுத்தான் கற்றுக்கொண்டது. 2000-இல் வந்த பென்டியம் 4, கிகாஹெர்ட்ஸை ஏற்றுவதையே குறியாகக் கொண்டது. வேலையைப் பொடிப்பொடியாக நறுக்கினால் ஒவ்வொரு துண்டும் சீக்கிரம் முடியும், தாளத்தை வேகமாக்கலாம் என்பது யோசனை. 2004-க்குள் பைப்லைன் 31 படிகளாக நீண்டுவிட்டது. ஆனால் நிரல்கள் நேர்கோட்டில் போவதில்லை. 'இது இப்படியானால் அங்கே போ, இல்லாவிட்டால் இங்கே போ' என்று நிமிடத்துக்கு நிமிடம் முச்சந்தி வரும். எந்தப் பக்கம் என்று தெரியும்வரை நிற்க முடியாது என்பதால் பிராசசர் ஊகித்துக்கொண்டு ஒரு பக்கம் போய்விடும். ஊகம் பெரும்பாலும் பலிக்கும். பலிக்காதபோது வரிசையில் நிற்கும் அத்தனையையும் தூக்கி எறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். வரிசை நீள நீள நஷ்டமும் நீளும். சூடு வேறு. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வரப்போகிறது என்று சொல்லி, 2004-இல் அதைக் கைவிட்டார்கள். 2006-இல் வந்த கோர் 2 டுவோ வெறும் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடியே, 3-ஐத் தாண்டிய பென்டியம் 4-களைப் பின்னுக்குத் தள்ளியது. எண்ணைப் பார்த்து பென்டியம் 4 வாங்கியவர்களில் நானும் ஒருவன்.

சரி, உங்கள் லேப்டாப்புக்கு வருகிறேன். ஐ5-ஐ எடுக்க இன்னொரு காரணமும் உண்டு, நடைமுறையில் இதுவே பெரியது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் பட்டியலில் இன்டெல் சிப்புகள், ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன. 7500யு அதில் கிடையாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பணம் கொடுக்கும் முன் லேப்டாப்பைப் போட்டு, செட்டிங்ஸில் சிஸ்டம் பக்கத்தைத் திறந்து பிராசசர் பெயரை நீங்களே படியுங்கள். மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் எதற்கும் சாட்சி அல்ல.

கேள்வி: சிபியு என்றால் மேசைக்குக் கீழே இருக்கும் பெட்டிதானே? பிராசசர் என்று தனியாக ஒன்றை ஏன் சொல்கிறார்கள்?

பேச்சுவழக்கில் பெட்டியைச் சிபியு என்கிறோம், யாரும் தடுக்கப் போவதில்லை. உண்மையில் சிபியு என்பது பிராசசர்தான். பெட்டிக்குள் மதர்போர்டில், விசிறிக்கு அடியில் ஒளிந்திருக்கும் சிறு சதுரம். பழுது பார்ப்பவர் 'சிபியு போய்விட்டது' என்று சொன்னால் மட்டும், எந்தச் சிபியு என்று கேட்டுக்கொள்ளுங்கள். தொகையில் பெரிய வித்தியாசம் வரும்.

கேள்வி: ஒரு பிராசசரில் கேச் 32 எம்பி, இன்னொன்றில் 96 எம்பி என்று போட்டிருக்கிறது. கணினியில் ரேமே 16 ஜிபி இருக்கும்போது இந்த எம்பி கணக்கெல்லாம் ஒரு பொருட்டா? இதற்காகக் கூடுதல் பணம் கேட்கிறார்கள்.

பொருட்டுதான். ஆனால் எல்லாருக்கும் அல்ல.

ஒரு பிராசசர் தன் நேரத்தில் எவ்வளவை வேலை செய்து கழிக்கிறது, எவ்வளவைச் சும்மா காத்திருந்து கழிக்கிறது என்று பார்த்தால் கேச்சின் அருமை தெரியும். 3 கிகாஹெர்ட்ஸ் பிராசசரில் ஒரு துடிப்பு நொடியில் 300 கோடியில் ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள் ஒளியே 10 சென்டிமீட்டர்தான் போக முடியும். நமக்கு இது பிடிபடாது என்பதால் ஒரு துடிப்பை ஒரு நொடியாக நீட்டிப் பார்ப்போம். ரெஜிஸ்டரில் இருக்கும் எண் கையிலேயே இருக்கிற மாதிரி. முதல் நிலைக் கேச்சிலிருந்து ஒன்றை எடுக்க நாலைந்து நொடி. இரண்டாம் நிலை என்றால் கால் நிமிடத்துக்குள். மூன்றாம் நிலை என்றால் முக்கால் நிமிடம், கொஞ்சம் முன்னே பின்னே. அங்கேயும் இல்லை, ரேமுக்குப் போக வேண்டும் என்றால் நாலைந்து நிமிடம். சிப்புகளில் சேமிக்கும் எஸ்எஸ்டி வரை போனால் ஓரிரு நாட்கள். பழைய சுழலும் ஹார்டு டிஸ்க் என்றால் அநேகமாக ஒரு வருடம்!

கூட்டுவதற்கு ஒரு நொடி, கூட்ட வேண்டிய எண் வந்து சேர ஐந்து நிமிடம். இந்த அபத்தத்தைச் சமாளிக்கத்தான் கேச். இப்போது தொட்டதைக் கொஞ்ச நேரத்தில் மறுபடி தொடுவோம், தொட்டதற்குப் பக்கத்தில் இருப்பதையும் தொடுவோம் என்ற நம்பிக்கையில், அவற்றை அருகிலேயே எடுத்து வைத்துக்கொள்கிறது. நம்பிக்கை வியக்கத்தக்க அளவுக்குப் பலிக்கிறது.

அப்படியானால் 16 ஜிபியையும் கேச்சாகவே செய்துவிட வேண்டியதுதானே என்று தோன்றும். ரேமில் ஒரு பிட்டைச் சேமிக்க ஒரு டிரான்சிஸ்டரும் மின்னேற்றத்தைப் பிடித்து வைக்கும் ஒரு குட்டிக் கெப்பாசிட்டரும் போதும். மலிவு, நெருக்கமாக அடுக்கலாம். ஆனால் கெப்பாசிட்டர் ஒழுகும். அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும், படிப்பதும் தாமதம். கேச்சில் ஒரு பிட்டுக்கு வழக்கமாக 6 டிரான்சிஸ்டர்கள். வேகம் உண்டு, இடத்தை விழுங்கும். பிராசசரின் பரப்பில் கணிசமான பகுதியைக் கேச் பிடித்துக்கொள்வதும், அதைக் கூட்டினால் விலை ஏறுவதும் இதனால்தான்.

இனி உங்கள் 32-ம் 96-ம். இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏஎம்டி 2022-இல் ரைசன் 7 5800எக்ஸ்3டி என்று ஒன்றை வெளியிட்டது. ஏற்கெனவே இருந்த 5800எக்ஸ் சிப்பின் மேல் கூடுதல் கேச்சை இன்னொரு மாடி மாதிரி ஏற்றி, 32 எம்பியை 96 எம்பி ஆக்கினார்கள். அதற்காக உச்ச வேகத்தை 4.7-லிருந்து 4.5 கிகாஹெர்ட்ஸுக்குக் குறைக்க வேண்டி வந்தது. துடிப்பு குறைந்தும் பெரும்பாலான கேம்களில் புதியதே முந்தியது. கேம்கள் நினைவகத்தை இங்கும் அங்குமாகத் தொட்டுக்கொண்டே இருப்பவை. காத்திருப்பு குறைந்தால் உடனே பலன் தெரியும். அதே இரண்டு சிப்புகளிலும் வீடியோவை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிப் பார்த்தால் பழையதே சற்று முன்னே நிற்கும். கேம் ஆடுபவர் என்றால் கேட்கும் பணத்தைக் கொடுங்கள். கடிதம், கணக்கு, இணையம் என்றால் அந்தப் பணத்தை ரேமில் போடுங்கள்.

கேள்வி: இரண்டு கணினிகளிலும் '10 கோர், ஐ5' என்றுதான் இருக்கிறது. ஆனால் ஒன்று மற்றதைவிட மிக வேகம் என்கிறார்கள். பத்துப் பேர் வேலை செய்தால் பத்துப் பேர் வேலைதானே?

பத்துப் பேரும் ஒரே பலம் உள்ளவர்கள் இல்லை. ஐ5-13400-இல் 6 பெரிய கோர், 4 சிறிய கோர். லேப்டாப்பில் வரும் ஐ5-1235யுவில் 2 பெரியது, 8 சிறியது. இரண்டையும் கூட்டினால் பத்து. விளம்பரத்தில் கூட்டல் மட்டும் வரும்.

பெரிய கோர் ஒரு துடிப்பில் நிறைய வேலை முடிக்கும், மின்சாரமும் நிறையக் குடிக்கும். சிறியது சிக்கனம். செல்போன் பிராசசர்களில் முதலில் வந்த ஏற்பாடு இது. செல்போன் பிராசசர்களை வடிவமைக்கும் ஆர்ம் நிறுவனம் 2011-இல் அறிவித்தது, 2020-இல் ஆப்பிளின் எம்1 அதையே 4-ம் 4-மாகக் கணினிக்குக் கொண்டுவந்தது, 2021-இல் இன்டெல்லின் பன்னிரண்டாம் தலைமுறையும் அந்த வழிக்கு வந்தது. நல்ல ஏற்பாடுதான், குறையொன்றும் இல்லை. பின்னணியில் நடக்கும் சில்லறை வேலைகளுக்கு எதற்குப் பெரிய கோர்?

பக்கத்தில் போட்டிருக்கும் த்ரெட் எண்ணிக்கை, அதாவது ஒரே நேரத்தில் எத்தனை வேலைகளை ஓட்டலாம் என்ற கணக்கு, ஒரு துப்புக் கொடுக்கும். இந்தத் தலைமுறைகளில் பெரிய கோர் ஒவ்வொன்றும் இரண்டு த்ரெட்டை ஓட்டும், சிறியது ஒன்றை. 13400-க்கு 16 த்ரெட், 1235யுவுக்கு 12. கழித்துப் பார்த்தால் பெரிய கோர் எத்தனை என்று வந்துவிடும். த்ரெட் இரண்டானால் வேலையும் இரண்டு மடங்கு என்று எண்ண வேண்டாம். ஒரு வேலை ரேமுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் இன்னொன்று அதே கோரின் காலிப் பகுதிகளைப் பயன்படுத்திக்கொள்கிறது, அவ்வளவுதான்.

கோர் எண்ணிக்கைக்கே ஓர் எல்லை உண்டு. 1967-இல் ஜீன் அம்டால் என்ற கணினி வடிவமைப்பாளர் எடுத்துக்காட்டிய கணக்கு இது. 100 நிமிட வேலையில் 20 நிமிடப் பகுதியைப் பிரித்துக்கொடுக்கவே முடியாது என்று வையுங்கள். 10 கோர் போட்டால் மீதி 80 நிமிடம் 8 ஆகும், மொத்தம் 28. ஆயிரம் கோர் போட்டாலும் 20-க்குக் கீழே இறங்காது. வீடியோ மாற்றுவது, முப்பரிமாணப் படம் உருவாக்குவது போன்றவை நன்றாகப் பிரியும். ஒரு இணையப் பக்கம் திறப்பதில் பிரிக்க முடியாத பகுதி அதிகம். அன்றாட வேலைக்கு, சுறுசுறுப்பான சில கோர்களே நிறையக் கோர்களை விட மேல்.

கேள்வி: ரைசன் 5 7520யு, ரைசன் 5 7540யு. எண்ணில் 20 தான் வித்தியாசம். விலை வித்தியாசம் ஏன் அவ்வளவு?

ஏனென்றால் அந்த இரண்டுக்கும் நடுவே பல வருட இடைவெளி இருக்கிறது. இந்த வரிசையில் முதல் இலக்கம் சிப்பை எந்த ஆண்டு வரிசையில் விற்கிறார்கள் என்று சொல்லும். உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்வது மூன்றாவது இலக்கம். 7520யுவில் அது 2. அதாவது 2019-இல் அறிமுகமான ஜென் 2 வடிவமைப்பு, 4 கோர். 7540யுவில் 4; 2022-இல் வந்த ஜென் 4, 6 கோர். நடுவில் 7530யு என்று ஒன்றும் உண்டு, அது ஜென் 3. மூன்றும் 'ரைசன் 5', மூன்றும் '7000 வரிசை'. பொய் என்று சொல்ல முடியாது, மூன்றாவது இலக்கத்தில் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். வாங்குபவர் அங்கே பார்க்க மாட்டார் என்பது விற்பவருக்கும் தெரியும். 2024-இல் வந்த புதிய வரிசைகளில் பெயரிடும் முறையே மாறிவிட்டது, ஆகவே இந்தச் சூத்திரத்தை எல்லாவற்றுக்கும் போடாதீர்கள்.

கேள்வி: புது லேப்டாப், முதல் சில நிமிடம் பறக்கிறது. வீடியோ எடிட்டிங் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் தளர்ந்துவிடுகிறது. குறையுள்ள பிராசசரா?

குறை இருக்க வாய்ப்பு குறைவு. வேகத்தைக் கூட்ட மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டும். மின்னழுத்தம் இரு மடங்கானால் மின்செலவு நான்கு மடங்கு. அத்தனையும் சூடாகத்தான் வெளியே வரும். பிராசசர் குளிர்ந்திருக்கும்போது உச்ச வேகத்துக்குப் பாயும், 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் தானாக இறங்கிவிடும். எரிந்து போகாமல் இருக்கத்தான் இது. பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். 'யு' என்றால் பெரும்பாலும் 15 வாட் அளவில் தொடர்ந்து ஓடுவதற்கு, 'எச்' என்றால் 45 வாட். மெல்லிய உடலுக்குள் இருக்கும் யு சிப்பிடம் மணிக்கணக்கில் எடிட்டிங் வேலை வாங்க முடியாது. விளம்பரத்தில் 'இத்தனை கிகாஹெர்ட்ஸ் வரை' என்பதில் இருக்கும் 'வரை' என்ற சொல் அந்த முதல் சில நிமிடங்களைக் குறிப்பது.

பழைய லேப்டாப்பில் இதே கோளாறு வந்தால் கதை வேறு. என் லேப்டாப் நாலாம் வருடம் இப்படி ஆனபோது, பழுது பார்க்கும் இடம் ஒன்றில் 'பிராசசர் போய்க்கொண்டிருக்கிறது, மதர்போர்டையே மாற்ற வேண்டும்' என்றார்கள். கேட்ட தொகைக்கு இன்னொரு லேப்டாப் வாங்கலாம். வேறோர் இடத்தில் திறந்து பார்த்தால் விசிறியில் கம்பளி நெய்கிற அளவுக்குத் தூசி, பிராசசர் மேல் தடவும் வெப்பப் பசை காய்ந்து பொருக்காக இருந்தது. துடைத்துப் புதுப் பசை தடவினார்கள். பிறகு மூன்று வருடம் உழைத்தது.

கேள்வி: ஏஐ பிராசசர், என்பியு, 40 டாப்ஸ் என்கிறார்கள். கட்டாயம் வேண்டுமா?

என்பியு என்பது சிறிய எண்களைப் பெருக்கிக் கூட்டுவதை மட்டும், குறைந்த மின்சாரத்தில், மொத்தம் மொத்தமாகச் செய்யும் தனிப் பகுதி. 40 டாப்ஸ் என்றால் நொடிக்கு 40 லட்சம் கோடி செயல்கள். மைக்ரோசாஃப்ட் 2024-இல் 'கோபைலட் பிளஸ்' என்ற பெயருக்கு இதைக் குறைந்தபட்ச அளவாக வைத்தது. உலாவியில் திறந்து நாம் கேள்வி கேட்கும் ஏஐ சேவைகள் எங்கோ இருக்கும் சர்வரில் ஓடுபவை. உங்கள் என்பியுவை அவை தொடுவதே இல்லை. வாங்கும் கணினியில் தானாக வந்தால் வரட்டும். இதற்கென்று தனியாகப் பணம் கொடுக்க நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: கணக்கு எழுதும் மேசைக் கணினி, ஐ5 ஆறாம் தலைமுறை. திறக்கவே ஐந்து நிமிடம். பிராசசரை மட்டும் புதிதாக மாற்றிக்கொள்ளலாமா?

புதுத் தலைமுறை பிராசசர் உங்கள் மதர்போர்டில் ஓடாது. ஏழாம் தலைமுறை வரை போகலாம், அதுவும் மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்தால். எட்டு, ஒன்பதாம் தலைமுறைகளுக்கு சாக்கெட் (பிராசசர் உட்காரும் இடம்) பெயர் அதே எல்ஜிஏ 1151தான், ஆனாலும் பழைய போர்டு ஏற்காது. அதற்கு மேலே போனால் சாக்கெட்டே வேறு, ரேமும் வேறாகலாம். கிட்டத்தட்டப் புதுக் கணினி.

ஆனால் பிராசசர்தான் காரணம் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? கணினியைத் திறந்ததும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வையுங்கள். சிபியு 10, 15 சதவீதத்தில் இருக்க, டிஸ்க் 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நின்றால் உங்கள் பிராசசர் சும்மா உட்கார்ந்து ஹார்டு டிஸ்க்குக்காகக் காத்திருக்கிறது என்று அர்த்தம். மேலே சொன்ன ஒரு வருடக் காத்திருப்பு நினைவிருக்கிறதா? அதுதான். ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு சாட்டா எஸ்எஸ்டி போடுங்கள், ரேம் 4 ஜிபி என்றால் 8 ஆக்குங்கள். விண்டோஸ் 11-க்குத் தகுதி இல்லாத சிப் என்பதால் புதுக் கணினி ஒருநாள் வாங்கத்தான் வேண்டியிருக்கும். அந்த எஸ்எஸ்டியைக் கழற்றி அதில் போட்டுக்கொள்ளலாம். எஸ்எஸ்டி போட்ட பிறகும் சிபியு நாள் முழுக்க 100-இல் நின்றால் மறுபடி எழுதுங்கள், அப்போது பிராசசரைப் பார்ப்போம்.